தாடையின் பதம்

மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பிப்ரவரி இரவு. நியூஜெர்சி மாநிலத்தின் எடிசனில் உள்ள எங்கள் வீட்டின் அடித்தள அறையில் உட்கார்ந்து, 18ஆம் எண் தூண்டில் முள் ஒன்றின் மீது சேவல் இறகைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நூலை ஒவ்வொரு சுற்று இழுக்கும்போதும் முள்ளின் கண் இருக்கும் பக்கம் இம்மியளவு தாழ்ந்துகொண்டே வந்தது. முள்ளைக் கவ்விப் பிடித்திருக்கும் வைஸ் என்ற கருவியின் கைப்பிடியை இன்னும் சற்று அழுத்தினேன். இரண்டு சுற்று நின்றது, மூன்றாவது சுற்றில் மறுபடியும் தாழ்ந்தது. பொறுமை இழந்து உள்ளங்கையால் கைப்பிடியை ஓங்கி அழுத்தியபோது ‘டிக்’ என்று ஒரு சின்ன ஓசை கேட்டது. முள் எம்பி வந்து என் இடது கட்டை விரலில் ஏறி நின்றது. அரிசி மணி அளவுகூட இல்லாத முள்தான் என்றாலும், அதைப் பிடுங்கி எடுக்கும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது. விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்ததில், வைஸின் ஒரு தாடையின் நுனி பெயர்ந்திருந்தது.

இந்தப் பொழுதுபோக்கை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஆற்று நீரில் பறந்தும் மிதந்தும் திரியும் பூச்சிகளைப் போல, முள்ளின் மீது இறகும் உரோமமும் நூலும் கொண்டு கட்டப்படும் போலிப் பூச்சியைத்தான் ஃப்ளை என்கிறார்கள். டிரவுட் மீன் பிடிப்பதற்கு இதைவிட நாசூக்கான வழி கிடையாது. முள்ளின் அளவெண் கூடக் கூட முள் சிறியதாகும் என்பது புதிதாக வருகிறவர்களைக் குழப்பும்; 6ஆம் எண் முள்ளை விரலால் தாராளமாகப் பிடிக்கலாம், 20ஆம் எண் முள் தரையில் விழுந்தால் காந்தம் வைத்துத்தான் தேட வேண்டும். இந்த முள்ளை அசையாமல் பிடித்துக்கொடுப்பது ஒன்றே வைஸின் வேலை. பழைய காலத்தில் ஆங்கிலேயக் கைவினைஞர்கள் பலர் விரலிடுக்கிலேயே முள்ளைப் பிடித்துக் கட்டினார்கள். அமெரிக்கரான லீ வுல்ஃப் அதிலேயே புகழ் பெற்றவர். அந்த விரல்கள் எனக்கு வாய்க்கவில்லை.

முப்பது டாலருக்கு இணையத்தில் வாங்கிய வைஸ் அது. வாங்கும்போது எனக்கு ஒரு ரகசியப் பெருமையும் இருந்தது, ஏனென்றால் அதன் அடியில் ‘இந்தியாவில் செய்யப்பட்டது’ என்று பொறித்திருந்தது. அமெரிக்காவில் பல தலைமுறையினர் ஃப்ளை கட்டக் கற்றுக்கொண்டது, இல்லினாய் மாநிலத்தின் எல்ஜின் நகரில் டி.எச். தாம்சன் நிறுவனம் செய்த ‘மாடல் ஏ’ என்ற வைஸில்தான். அதை அப்படியே பார்த்து நம் நாட்டில் செய்யப்பட்ட நகல்கள் இன்றும் இங்கே மலிவாகக் கிடைக்கின்றன. என்னுடையதும் அப்படி ஒன்று. குரோமியப் பூச்சில் பளபளவென்று இருந்தது; கையில் எடுத்தால் கனமும் இருந்தது.

அந்தக் கோடையில் அப்பா எங்களுடன் மூன்று மாதம் தங்க வந்திருந்தார். கோயம்புத்தூரில், பம்புசெட் உதிரிபாகங்கள் செய்யும் லேத் பட்டறையில் நாற்பது ஆண்டுகள் நின்றவர் அவர். பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு பொழுது போகாமல் என் மேசையை ஆராய்ந்துகொண்டிருந்தவர், உடைந்த வைஸை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். என்னிடம் ஊசி அரம் ஒன்று கேட்டார். முள்ளின் முனையைத் தேய்த்துக் கூராக்குவதற்காக வைத்திருந்ததைக் கொடுத்தேன். பெயராமல் இருந்த மற்றொரு தாடையின் பக்கவாட்டில் அரத்தை வைத்து ஒரே ஒரு முறை மெதுவாகத் தள்ளினார். கரகரவென்று கடித்து, வெள்ளிப் பொடி உதிர்ந்தது.

“தோய்ச்சலே போடலையே கண்ணு. இது பச்சை இரும்பு.”

எஃகைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று எண்ணெயிலோ நீரிலோ முக்கிக் கடினமாக்குவது தோய்ச்சல்; பிறகு மறுபடியும் மிதமாகச் சூடேற்றி, எளிதில் உடையாதபடி செய்வது பதமிறக்குவது. அடுத்து, பெயர்ந்த தாடையின் நுனியில் அரத்தை வைத்தார். அங்கே அரம் வழுக்கிக்கொண்டு போனது. “இதுல போட்டிருக்கான். ஆனா பதம் எறக்காம உட்டுட்டான். அதான் கண்ணாடி மாதிரி பேந்துருச்சு.” ஒரே வைஸின் இரண்டு தாடைகளில் ஒன்று வெண்ணெய், மற்றொன்று கண்ணாடி. அவர் முகத்தில் தெரிந்தது கோபமில்லை. நம் ஆள் ஒருவர் செய்த அரைகுறை வேலையைக் காணும்போது வரும் ஒருவிதக் கூச்சம்.

வைஸ் தேர்ந்தெடுப்பதைப் பற்றி நான் அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ படித்திருக்கிறேன் என்றாலும், அந்த இரண்டு அரத் தள்ளல்களுக்கு ஈடாக எதுவும் இல்லை. தூண்டில் முள் என்பது கரிமம் மிகுந்த எஃகுக் கம்பியை வளைத்து, சூடேற்றித் தோய்த்து, பதமிறக்கிச் செய்யப்படுவது. அதனால்தான் பெரிய மீன் இழுத்தாலும் நிமிராமல் நிற்கிறது. அந்த முள்ளைவிட மென்மையான தாடை அதைப் பிடிக்கும்போது, முள்தான் தாடையைக் குடையும். முதல் நூறு ஃப்ளைகள் வரை ஒன்றும் தெரியாது. பிறகு தாடையின் உள்முகத்தில் மயிரிழை போன்ற பள்ளங்கள் விழுகின்றன. சின்ன முள்ளை அந்தப் பள்ளத்தில் வைத்தால் தாடை எவ்வளவு மூடினாலும் முள்ளுக்குப் பிடி கிடைக்காது. நாம் இன்னும் இறுக்குகிறோம், பள்ளம் இன்னும் ஆழமாகிறது. மறுபக்கம், தோய்ச்சலோடு நிறுத்திப் பதமிறக்காத தாடையில் பள்ளம் விழாது. ஒரு நாள் அப்படியே உடையும். இரண்டுக்கும் நடுவே, முள்ளை வெல்லும் கடினமும் உடையாத உறுதியும் சேர்ந்து நிற்கும் ஒரு குறுகிய இடம் இருக்கிறது. வைஸின் விலையில் பெரும்பங்கு அந்த இடத்தைத் தவறாமல் தொடுவதற்கே போகிறது என்பது என் முடிவு. சுழலும் தண்டு, அழகான அடித்தட்டு, பளபளப்பு எல்லாம் அதற்குப் பிந்தியவை.

நல்ல அரத்தின் கடினம் ராக்வெல் சி அளவில் 62 முதல் 65 வரை இருக்கும். ஒரு தாடை அரத்துக்கு முழுவதும் வழுக்கவும் கூடாது, வெண்ணெய் போல வெட்டுப்படவும் கூடாது. லேசாகக் கீறி, அதற்கு மேல் போக மறுக்க வேண்டும். கடையில் புது வைஸின் மீது அரம் வைத்துப் பார்க்க யாரும் விட மாட்டார்கள். அங்கே செய்யக்கூடிய சோதனை வேறு: பெரிய முள் ஒன்றையும் மிகச் சிறிய முள் ஒன்றையும் சட்டைப் பையில் கொண்டுபோய், இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடிக்கச் செய்து, முள்ளின் கண்ணைக் கட்டை விரலால் கீழே அழுத்திப் பார்க்கலாம். முள் வளைந்து கொடுத்து, விரலை எடுத்ததும் மேலெழுந்தால் நல்ல பிடி. தாடைக்குள்ளேயே சுழன்றால், விற்பவர் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அப்பா ஊருக்குத் திரும்பிய பிறகு, செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதிக்குப் போனேன். பீவர்கில், வில்லோவீமாக் என்ற இரு ஆறுகளும் ரோஸ்கோ என்ற சிற்றூரில் கலக்கின்றன. அமெரிக்க ஃப்ளை மீன்பிடிப்பின் பிறந்த வீடு என்று அந்தப் பகுதியைச் சொல்வார்கள். வால்ட், வின்னி டெட் இணையர் 1928 முதல் ஃப்ளை கட்டி விற்ற ஊர் அது. அங்கே ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுச்சேவலுடைய கழுத்திறகுகளைப் பார்த்தபோது சற்று நேரம் நின்றுவிட்டேன். மெழுகு சொட்டியது போன்ற புள்ளிகள் கொண்ட அந்த இறகு, சால்மன் ஃப்ளைகளுக்குக் கன்னமாக வைத்துக் கட்டப்படுவது. 1902இலேயே இந்தியாவிலிருந்து பறவை இறகு ஏற்றுமதி தடை செய்யப்பட்டுவிட்டதால், இன்று முறையாக விற்பனைக்கு வருபவை வெளிநாடுகளில் வளர்க்கப்படும் பறவைகளின் இறகுகள். வால்பாறைச் சாலையில் குறுக்கே ஓடும் சேவலை இங்கே இறகு இறகாக விலை போட்டு வைத்திருந்தார்கள்.

அந்தக் கடையின் மூலையில் ஒரு முதியவர் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் இருந்தது ஓர் அசல் தாம்சன் ‘மாடல் ஏ’. கறுப்புப் பூச்சு உரிந்து, கை பட்ட இடமெல்லாம் பித்தளை போல மின்னியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதில்தான் கட்டுகிறாராம். தாடையை மட்டும் இரண்டு முறை மாற்றியிருக்கிறார். என் நகலின் கதையைச் சொன்னதும் சிரித்தார். “வடிவம் ஒன்றுதான்,” என்றார், “அதைச் செய்தவர்கள்தான் வேறு.” பிறகு வைஸைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

அதன் அமைப்பு மிக எளிது. அலகு போன்ற நுனி கொண்ட ஓர் எஃகுத் தண்டு நீளவாக்கில் பிளக்கப்பட்டிருக்கும். பட்டறையில் காலெட் என்று சொல்வதுதான் இது. அந்தத் தண்டு, முன்பக்கம் கூம்பாகக் கடைந்த ஒரு குழலுக்குள் நிற்கும். பின்னால் உள்ள கைப்பிடியை அழுத்தினால் அதன் கேம், அதாவது ஒரு பக்கம் புடைத்த உருளை, உருண்டு தண்டைப் பின்னுக்கு இழுக்கும். கூம்பு இரு அலகுகளையும் நெருக்கி மூடும். இதில் தேய்வது இரண்டே இடங்கள்: முள்ளைக் கவ்வும் அலகின் நுனி, கூம்போடு உராயும் அலகின் தோள். நகலில் அந்தக் கூம்பைத் தொட்டுப் பார்த்தபோது கடைசல் வரிகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. அசலில் கண்ணாடி போல இருந்தது.

சந்தையில் மற்ற இரண்டு வகைகளும் உண்டு. மாசசூசெட்ஸில் செய்யப்படும் ரீகல் வைஸில் இயக்கம் தலைகீழ்: தாடைகள் வலுவான வில்விசையால் எப்போதும் மூடியே இருக்கும், கைப்பிடியை அழுத்தினால் திறக்கும், முள்ளை வைத்துவிட்டால் தானே கவ்விக்கொள்ளும். முள்ளின் அளவு மாறினாலும் எதையும் திருகிச் சரிசெய்ய வேண்டியதில்லை. நீடித்த உழைப்பு என்று பார்த்தால் இதில் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது: இறுக்கும் விசையைத் தீர்மானிப்பது வில், நாம் அல்ல, ஆகவே என்னைப் போன்ற அவசரக்காரன் உள்ளங்கையால் ஓங்கி அழுத்தித் தாடையை உடைக்கும் வாய்ப்பே இல்லை. ஆனால் அதன் வழக்கமான தாடை தடித்தது. 20ஆம் எண் முள்ளின் அருகே விரல் நுழைய இடம் போதவில்லை என்று எனக்குத் தோன்றியது. பெரிய முள்ளில் கட்டுகிறவர்கள், குறிப்பாகக் கடல்மீனுக்குக் கட்டுகிறவர்கள், யோசிக்காமல் இதை வாங்கலாம்.

மூன்றாவது வகை, ஃப்ளோரிடாவின் ரென்ஸெட்டியும் கலிஃபோர்னியாவில் தொடங்கிய டைனா-கிங்கும் பெயர்பெறக் காரணமானது. இரண்டு தனித் தாடைகள் நடுவே ஒரு திருகால் இணைந்திருக்கும். பின்பக்கம் கேம் புகுந்து அகட்டினால் முன்பக்கம் கவ்வும், சாமணத்தைப் பின்னாலிருந்து பிரிப்பது போல. பிடி அபாரமானது. ஆனால் முள்ளின் கம்பி தடிமனுக்கு ஏற்ப அந்த நடுத்திருகை ஒவ்வொரு முறையும் சரிசெய்துகொள்ள வேண்டும். திருகு தளர்ந்திருந்தால் தாடைகளின் நுனி மட்டும் முட்டிக்கொண்டு முழுச்சுமையும் அந்த ஊசிமுனை இடத்தில் இறங்கும். நல்ல எஃகும் அப்போது பெயரும். ‘விலை உயர்ந்த வைஸ் உடைந்துவிட்டது’ என்று புலம்பிய இருவரின் வைஸ்களைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் திருகு அப்படித்தான் இருந்தது.

முள்ளின் தண்டை அச்சாகக் கொண்டு முழு வட்டமாகச் சுழலும் வைஸ்களைப் பற்றிப் பலர் பரவசப்படுகிறார்கள். இறகை வரிசையாகச் சுற்றவும், ஃப்ளையின் மறுபக்கத்தைப் பார்க்கவும் அது உதவும் என்பது உண்மை. எனக்கு அது அத்தியாவசியமாகப் படவில்லை. சுழற்சி இருந்தால் அதைத் தாங்கும் புஷ்ஷும் தேயும் என்ற கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடிப்பாகத்தில் மேசை விளிம்பில் கவ்வும் கிளாம்ப் நல்லதா, கனமான தட்டு நல்லதா என்பது அவரவர் மேசையைப் பொறுத்தது. ஒன்றை மட்டும் கவனிக்கலாம்: பெரும்பாலான வைஸ்களின் நிற்கும் தண்டு 3/8 அங்குல விட்டம் கொண்டது. அந்த அளவில் இருந்தால், ஒரு பாகம் பழுதானாலும் வேறு நிறுவனத்தின் பாகத்தைப் பொருத்திக்கொள்ளலாம்.

கடைசியில் நான் வாங்கியது, பயன்படுத்திய ஒரு எச்.எம்.எச். வைஸ். இப்போது மெயின் மாநிலத்தில் தயாராகும் அதுவும் காலெட் வகைதான். என் முப்பது டாலர் நகலின் பெரிய வீட்டு உறவினர் என்று சொல்லலாம். அதன் தாடையைக் கழற்றி மாற்றலாம். சிறு முள்ளுக்கு மெல்லிய தாடை, பெரிய முள்ளுக்குத் தடித்த தாடை என்று தனித்தனியாக விற்கிறார்கள். தேய்வது எந்தப் பாகமோ அதைத் தனியாக வாங்க முடிகிற பொருளே நீடிக்கும் பொருள் என்பது, ரோஸ்கோ முதியவரின் இரண்டு முறை மாற்றிய தாடையைப் பார்த்த பிறகு எனக்கு உறுதிப்பட்டிருந்தது. பழையதை வாங்கும்போது உருப்பெருக்கியோடு போனேன். தாடைகளை மூடி, எதிரே விளக்கைப் பிடித்து, நடுவே வெளிச்சம் எங்கே கசிகிறது என்று பார்த்தேன். நுனியில் சேர்ந்து பின்னால் மெல்லிய கோடாகப் பிரிந்தது, அப்படித்தான் இருக்க வேண்டும். காலெட்டை வெளியே எடுத்துத் தோளைப் பார்த்தேன். உராய்ந்த தடம் சுற்றிலும் ஒரே அகலத்தில் வளையமாக இருந்தது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் குழலும் தண்டும் ஒரே அச்சில் இல்லை என்று பொருள்; அதை விட்டுவிட்டு வந்திருப்பேன்.

கையில் வந்த பிறகு செய்ய வேண்டியவை சொற்பம். முள்ளின் வளைவின் அடிப்பகுதியைத் தாடையின் நுனியிலிருந்து சற்று உள்ளே தள்ளி வைக்கிறேன். முள்ளின் கூர்முனையைத் தாடைக்குள் புதைப்பதில்லை, அது முனையின் கூர்மையைக் கெடுக்கும். கைப்பிடி பாதி வழி வந்ததும் பிடி கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கைப்பிடியைத் தண்டிக்காமல் தண்டின் நீளத்தைச் சரிசெய்கிறேன். நியூஜெர்சியின் கோடை ஈரத்தில் உள்ளங்கை வியர்வை பட்டால் எஃகு ஒரே இரவில் செம்புள்ளி போடும் என்பதால், எழும்போது ஒரு துணியால் துடைக்கிறேன். மாதம் ஒரு முறை தோளில் ஒரு துளி தையல் எந்திர எண்ணெய். அதற்கு மேல் விட்டால் இறகுத் தூசி ஒட்டிச் சேறாகிவிடும்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அப்பா ஊருக்குப் போகும்போது என் பழைய நகலின் உடைந்த காலெட்டைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போயிருந்தார். டிசம்பரில் ஒரு நண்பர் கோவையிலிருந்து வந்தபோது, முறுக்கு டப்பாவுக்குள் செய்தித்தாளில் சுற்றிய ஒரு புதிய காலெட் இருந்தது. பட்டறையில் அச்சுகளுக்குப் பயன்படுத்தும் ஓ.எச்.என்.எஸ். எஃகுத் துண்டு ஒன்றைக் கடைந்து, பிளந்து, எண்ணெயில் தோய்த்து, பதமிறக்கியிருக்கிறார். துடைத்துப் பார்த்தால் அந்தப் பதத்தின் நிறம் அப்படியே தெரிந்தது: அலகின் நுனி வைக்கோல் மஞ்சள், வளைந்து கொடுக்க வேண்டிய கழுத்துப் பகுதி மயில்நீலம். 230 பாகை செல்சியஸ் அளவில் வரும் மஞ்சளை நுனியில் நிறுத்திவைத்து, 300 பாகையை ஒட்டி வரும் நீலத்தைக் கழுத்தில் மட்டும் வரவழைப்பதற்கு, ஸ்பிரிட் விளக்கின் முன் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன். அவருக்கு வயது எழுபத்து மூன்று.

புதிய காலெட்டைப் பழைய உடலில் பூட்டி, 18ஆம் எண் முள்ளை வைத்து, 70 டெனியர் நூல் அறும் வரை இழுத்தேன். நூல்தான் அறுந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் எச்.எம்.எச். வைஸை மூடி வைத்துவிட்டு இதில்தான் கட்டினேன். ஏப்ரலில் ராரிட்டன் ஆற்றின் தென்கிளையில், கென் லாக்வுட் பள்ளத்தாக்கின் பாறைகளுக்கு நடுவே என் முதல் டிரவுட்டைக் கொண்டுவந்த ஃப்ளையும் இதில் கட்டியதே.

மே மாதம் பிடி மறுபடியும் நழுவத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தேன். காலெட்டில் ஒரு கீறலும் இல்லை. அப்பாவின் கடினமான தோள் உராய்ந்து உராய்ந்து, பச்சை இரும்பான பழைய குழலின் கூம்பைத் தின்றிருந்தது. தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் லேத் ஓடும் சத்தம் நின்றது.

“அந்தக் கொழலையும் அனுப்பிச்சு உடு கண்ணு,” என்றார். “அளவு எடுத்துட்டு அனுப்பாத. சாமானையே அனுப்பு.”